ஞாயிற்றுக்கிழமை விடுமுறை யாருக்கு?

நடைபழகும் குழந்தையோடு ஒரு நாள் ஊர் சுற்றி வருவது பெரிய விஷயமா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்கள் பெரும்பாலும் குழந்தையைத் தூக்காதவர்கள்! பால் பாட்டில், மாற்றுத் துணி, வெந்நீர், பிஸ்கட், துண்டு என்று ஒரு பையைக் கட்டி, அதைத் தோளிலும் பிள்ளையை இடுப்பிலும் சுமந்து பஸ் ஏறும் தாய்மார்களைக் கேட்டால் உண்மை தெரியும்.

பட்டுக்குப் பெயர்போன ஆரணியில் இந்தச் சங்கதி இன்னும் சிக்கலானது. காரணத்தைப் பார்ப்போம்.

தறிக்கு ஞாயிறு இல்லை

ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதை 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் உறுதி செய்தது. ஆனால் அந்த உரிமை ஆலை வாசலோடு நின்றுவிட்டது. வீட்டில் குழித்தறி போட்டு நெய்பவருக்கு, நெய்த சேலைக்குத்தான் கூலி. தறி ஓடாத நாளில் கூலியும் ஓடாது. ஆகவே குடும்பத்தோடு வெளியே போகும் ஒரு நாளுக்கு இரண்டு செலவுகள். ஒன்று, கையை விட்டுப் போகும் பணம். மற்றொன்று, கைக்கே வராமல் போகும் பணம்.

வருமானம் எவ்வளவு? 2019-20-ல் எடுக்கப்பட்ட அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களும் சேர்ந்து சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் மாதம் ஐயாயிரம் ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை என்றும் அதே கணக்கெடுப்பு கூறியது. இது நாடு முழுவதற்குமான கணக்கு. பட்டு நெசவில் கூலி சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் ஒரு நாளை இழந்தால் அதன் வலி ஒன்றுதான்.

அமாவாசையும் ஞாயிறும்

தறிக்கு ஓய்வே கிடையாதா? உண்டு. அமாவாசையன்று தறியை நிறுத்துவது பட்டு நெசவு செய்யும் ஊர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஓய்வு ஞாயிறு. மூத்த பிள்ளை பள்ளியில் படித்து, இளைய பிள்ளை நடைபழகும் வீட்டில் இந்த இரண்டு ஓய்வும் ஒத்துப்போக வேண்டும். வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று அமாவாசை. வாரத்துக்கு ஏழு நாள். வகுத்துப் பாருங்கள். அமாவாசையும் ஞாயிறும் சேர்ந்து வருவது ஏறக்குறைய வருஷத்துக்கு இரண்டு முறைதான்!

அரிதாகக் கிடைக்கும் நாள் என்பதால், அந்த ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் பிறக்கிறது. காலையில் படவேடு ரேணுகாம்பாள் கோயில், மதியம் உறவினர் வீட்டு விசேஷம், மாலையில் வேலூர்க் கோட்டை, திரும்பும் வழியில் துணிக்கடை என்று திட்டம் போடுகிறார்கள். பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். குழந்தை என்ன செய்யும்? அழும். அதற்குத் தெரிந்த ஒரே ஆட்சேபணை அதுதான்.

குழந்தையின் கணக்கு

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சில நெறிகளை வெளியிட்டது. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு, பகல் தூக்கமும் சேர்த்து, 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். நாளில் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை அசையவிடாமல் உட்கார்த்தி வைக்கலாகாது.

ஆரணியிலிருந்து வேலூர் சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. திருவண்ணாமலை இன்னும் தூரம். அங்கே கிரிவலப் பாதை மட்டும் 14 கிலோமீட்டர். ஒரே நாளில் மூன்று ஊர் என்றால், தூங்க வேண்டிய வேளையில் குழந்தை கூட்டத்தில் விழித்திருக்கிறது. ஓட வேண்டிய வேளையில் மடியில் சிறைப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, அழுகையை அடக்கக் கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறோம். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு அது கூடவே கூடாது என்பதும் அந்த நெறிகளில் ஒன்று.

கட்டணம் போயிற்று, கஷ்டம் போகவில்லை

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அரசுப் பேருந்தில் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்ற வயது வரம்பு 2022-ல் மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டது. பஸ் நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்குத் தனி அறை என்ற திட்டம் 2015 ஆகஸ்டில் வந்தது. மூன்றும் நல்ல காரியங்கள்.

ஆனால் நகரப் பேருந்தின் எல்லை ஊரைச் சுற்றியே. மாவட்டம் தாண்டும் பஸ்ஸில் தாய்க்கு டிக்கெட் உண்டு. இது ஒருபுறமிருக்க, டிக்கெட் இல்லை என்பதால் உட்கார இடம் கிடைத்துவிடுமா? அறை கட்டியாயிற்று என்பதால் அது திறந்தும் சுத்தமாகவும் இருந்துவிடுமா? அறையைக் கட்ட ஒரு வருஷப் பணம் போதும். அதை நாள்தோறும் பெருக்கித் துடைக்க ஓர் ஆள் வேண்டும். நகராட்சிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

தாய்க்கு எப்போது ஓய்வு?

இன்னொரு கணக்கும் உண்டு. 2024-ம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிஷம். நெசவாளர் வீட்டுப் பெண் இதோடு தாரும் சுற்றுகிறாள்; தறியிலும் உட்காருகிறாள். விடுமுறை நாளிலோ விடியுமுன் எழுந்து புளியோதரை கட்டுவதும் அவளே, இரவு திரும்பி வந்து பாத்திரம் துலக்குவதும் அவளே. குடும்பமே ஓய்வெடுத்த நாளில் அவளுக்கு மட்டும் இரட்டை வேலை!

ஆகவே செய்ய வேண்டியது என்ன? ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். காலையில் கிளம்பி, பகல் தூக்கத்துக்கு முன் திரும்பலாம். குழந்தை தடையின்றி ஓடுவதற்கு வேலூர்க் கோட்டை மைதானம் போன்ற ஒரு வெளி இருந்தால், வேறு வேடிக்கை தேவையில்லை. பையைத் தந்தை சுமக்கட்டும். பிள்ளையையும் பாதி வழி அவரே தூக்கட்டும்.

இவை வீட்டார் செய்யக்கூடியவை. ஊர் செய்ய வேண்டியது வேறு. ஒவ்வொரு வார்டிலும் நிழலுள்ள ஒரு சிறு பூங்கா, ஒரு குழாய், ஒரு சுத்தமான கழிப்பிடம். இவை இருந்தால் நெசவாளி அமாவாசைக்காகக் காத்திருக்க வேண்டாம். மாலையில் தறியை விட்டு இறங்கியதும் பிள்ளையின் கையைப் பிடித்து நாலு தப்படி நடந்து வரலாம். அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு சேலையின் கூலியும் குறையாது.