பாடம் நடத்தவும் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சட்டப் பேராசிரியராக விரும்பும் எங்களைப் போன்ற எல்.எல்.எம். மாணவர்கள் பலரும் ‘நெட்’ தேர்வுக்காகவே படித்துக்கொண்டிருக்கிறோம். மூன்று மணி நேரம், 150 கேள்விகள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. தகுதித் தேர்வு அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால், முதலாண்டு மாணவர்கள் முன் ஒரு தீர்ப்பைப் பிரித்து வைத்து, வழக்கின் சங்கதி எது, நீதிபதி முடிவுக்கு வந்த காரணம் எது, போகிறபோக்கில் சொன்ன கருத்து எது என்று விளக்கும் திறனை அது அளப்பதில்லை. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு புரியாவிட்டால், ஐந்தாண்டுப் படிப்பும் மனப்பாடமாகவே கழிந்துவிடும்.

வகுப்பில் பழைய நோட்ஸை வாசித்துக் காலம் தள்ளவும் இனி முடியாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 302ஆக இருந்த கொலைக்கான தண்டனைப் பிரிவு இப்போது 103.

கற்பித்தலை மேம்படுத்த வழிகள் உண்டு. வழக்கறிஞர்கள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் கற்பிக்க 1979ஆம் ஆண்டு விதிகள் அனுமதிக்கின்றன. விசாரணை நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணை செய்து பழகிய மூத்தவர்களைச் சட்டக் கல்லூரிகள் தாராளமாக அழைக்கலாம். எல்.எல்.எம். மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுக்க, பேராசிரியர் ஒருவர் உடனிருக்க, இளநிலை வகுப்பில் பாடம் நடத்தும் வாய்ப்பைத் தர வேண்டும். சட்டப் பல்கலைக்கழகங்கள் இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டுகிறேன்.

எல்.எல்.எம். மாணவி,
மதுரை.