எளிமைக்கு எந்தப் புத்தகம்? கறவை எந்திரம் வாங்கலாமா?

பொழிச்சலூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, மூன்று கறவை மாடுகள், அடையாற்றுப் பக்கம் கொஞ்சம் தீவனப்புல். மற்றதெல்லாம் மனையாகிவிட்டது. 'எளிமை, மனநிறைவு பற்றிப் படிக்க ஆசை. ஆனால் கிடைக்கிற புத்தகமெல்லாம் ஆபீஸ் போய்க் களைத்தவர்களுக்கு எழுதினதுபோல இருக்கிறது. மகன் கடன் வாங்கிப் பால் கறவை எந்திரம் வாங்கலாம் என்கிறான். வேண்டாம் என்றால் பழைய பஞ்சாங்கம் என்கிறான். கறக்கிற மாமியாருக்கோ மணிக்கட்டு வீங்குகிறது. எதைப் படித்தால் தெளிவு வரும்?'

ஜே.சி. குமரப்பாவைப் படிக்கலாம். 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று பம்பாயில் தொழில் நடத்தியவர். பிறகு அமெரிக்கா போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். 1929இல் காந்தியைச் சந்தித்ததும் வழி மாறியது. குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் உழவர் வீட்டு வரவு செலவைக் கணக்கெடுத்தார். 1934இல் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் ஆனார். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில், மறைந்தார்.

1942 போராட்டத்துக்குப் பின் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது; மற்றது இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. பேரேடும் வேதமும் அவருக்கு வேறு வேறு அலமாரியில் இல்லை. உழவர் வீட்டுக்கு அவர் பொருந்துவது அதனால்தான். சாமி கும்பிடுவதையும் பால் கணக்கு எழுதுவதையும் ஒரே காலையில் செய்கிறவர்கள்தானே நாம்.

அவர் சொல்லும் முக்கியமான பிரிவு ஒன்று. நிலக்கரி, பெட்ரோல் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. மழை, மரம், பயிர் போன்றவை வந்துகொண்டே இருக்கும் வரத்து. இருப்பை நம்பி வாழ்ந்தால் சண்டை வரும், வரத்தை நம்பி வாழ்ந்தால் நிலைக்கும் என்பது அவர் கட்சி. விதைநெல்லைத் தின்னக்கூடாது என்று தெரிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தோப்பில் புகுந்து தின்றுவிட்டுப் போகும் குரங்கு, கூட்டுக்காகச் சேர்க்கும் தேனீ, கைம்மாறு எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை என்று படிப்படியாக மேலே ஏறுகிறார். 'உயர்ந்த வாழ்க்கைத் தரம், தாழ்ந்த வாழ்க்கைத் தரம்' என்ற பேச்சே தவறு என்றார். எளிய வாழ்க்கை, சிக்கலான வாழ்க்கை என்றுதான் பிரிக்க வேண்டுமாம். ஷூமாக்கர் 1973இல் வெளியிட்ட 'சிறியதே அழகு' நூலில் குமரப்பாவை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

டிராக்டர் நன்றாக உழும், சாணி போடாதே என்று அவர் கேட்டதாக உழவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதை வைத்து அவரை எந்திர விரோதி என்று முடிவு கட்டிவிடக்கூடாது. வார்தாவில் அவருடைய சங்கம் மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கை உருவாக்கியது. எண்ணெய்ச் செக்கையும் திருத்தியது. கருவியே வேண்டாம் என்கிறவர் செக்கைத் திருத்திக்கொண்டிருக்க மாட்டார். அந்தக் கருவியை இயக்க எதை, யாரிடமிருந்து வாங்க வேண்டியிருக்கிறது என்பதே அவர் கேள்வி.

இனி எந்திரம். மாமியாரின் மணிக்கட்டுதான் முதல் கணக்கு. ஒருவர் கை வீங்கி நடக்கும் வாழ்க்கைக்கு எளிமை என்று பெயர் வைக்க முடியாது. ஆனால் மூன்று மாட்டுக்குக் கடன் கட்டுமா? மாதத் தவணை, மின்சாரம், அவ்வப்போது மாற்ற வேண்டிய ரப்பர், இரண்டு வேளையும் கழுவும் நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் ஒருபக்கம் எழுதி, மறுபக்கம் பால் வரவில் தீவனச் செலவு போக நிற்பதை எழுத வேண்டும். சரியாகக் கழுவாத எந்திரம் மடிநோயை மாடு மாடாகக் கொண்டுபோகும். அக்கம்பக்கத்தாரோடு பொதுவில் வாங்கினால் அந்த ஆபத்து இன்னும் கூடும். மாமியார் கட்டைவிரலை மடக்கிக் கறக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். அது காம்புக்கும் கெடுதல், கைக்கும் கெடுதல்; முழுக்கையால் கறப்பதே சரி. கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன் மகனே ஒரு மாதம் இரண்டு வேளையும் கறக்கட்டும். அவருக்கும் கணக்குப் புரியும், மாமியார் கைக்கும் ஓய்வு. அதற்குப் பிறகும் வேண்டும் என்றால், மாடுகள் ஐந்தாறு ஆகும்போது வாங்கலாம்.

கைப்பேசியைக் குறைக்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த அடையாற்றங்கரை அது. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்கும் செய்திக்காவது மழைக்காலத்தில் போன் கையில் இருக்க வேண்டும். மற்ற நாளில் இரவு மாடத்தில் கிடக்கட்டும்.

நூலை ஒரே மூச்சில் படிக்கத் தேவையில்லை. தீவனம் வைத்த பிறகு நாலு பக்கம் போதும். தியாகராய நகர் தக்கர் பாபா வித்யாலயா வளாகத்தில் காந்தி கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே கேட்டுப் பார்க்கலாம். பல்லாவரத்தில் ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் மாலைக் கறவைக்குள் திரும்பிவிடலாம்.