குடியமர்த்தும் முன் மட்டம் பாருங்கள்

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தென்சென்னையின் ஏரிக்கரைகளில் சங்கிலி இழுத்து அளந்திருக்கிறேன். ‘வெள்ளத்துக்குப் பாதுகாப்பான இடம்’ என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி, அந்த நிலத்தின் மட்டம் என்ன என்பதுதான்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, அடையாறு கரைபுரண்டது. கரையோரக் குடிசைகள் அடியோடு போயின. இனி இங்கே இருப்பது உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். ஆற்றங்கரை ஆபத்தானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அனுப்பிய இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் தென் ஓரம். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரி நீர் வந்து சேரும் தாழ்வு அது. சேர்ந்த தண்ணீர் வடிய ஒக்கியம் மடுவுதான் வழி. மடுவைத் தாண்டி பக்கிங்காம் கால்வாய், பிறகு முட்டுக்காடு, அப்புறம் கடல். புயல் நாளில் கடல் ஏறி நின்றால் இத்தனை தூரமும் தண்ணீர் நகராது. முன்பு அதைத் தாங்கிக்கொள்ளப் பரந்த சதுப்பு இருந்தது. சாலையும் குப்பைமேடும் ஐ.டி. கட்டடங்களும் தின்றது போக எஞ்சிய பகுதிக்குத்தான் 2022-இல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பெரும்பாக்கத்தைத் தண்ணீர் சூழ்ந்தது, மின்சாரம் போனது. லிஃப்ட் ஓடவில்லை. மோட்டார் ஓடாததால் மேல்தொட்டியும் காலி. சைதாப்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவந்த அம்மா ஒருவர் அங்கே ஆறாவது மாடியில் இருக்கிறார். முழங்கால் வலியோடு படி இறங்க முடியாமல், பிளாஸ்டிக் வாளியைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டு, பால் பாக்கெட்டையும் பிரெட்டையும் மேலே இழுத்திருக்கிறார். தண்ணீர் வடிந்தபின் பார்க்கப் போனேன். “ஆத்தங்கரையில தண்ணி ஏறுனா ரோட்டுக்கு ஓடுவோம் சார். இங்க எங்க ஓடறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சைதாப்பேட்டை காரணீஸ்வரர் கோயில் பக்கம் அவருக்குப் பூ வாடிக்கை இருந்தது. இப்போது அது சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி. பஸ் பிடித்துப் போய் வரும் நேரத்தில் பூ வாடிவிடும். வியாபாரத்தை விட்டுவிட்டார். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன் கிளம்புகிறார்கள். பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

பருவநிலை மாற்றத்தால் உலகமே இடம் தேடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் கடலிலிருந்து வெகு தொலைவில், மலைகளுக்கு நடுவே இருக்கும் ஆஷ்வில் நகரத்தைப் புகலிட நகரம் என்று பலர் நம்பினார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அங்கே ஆற்றைப் பெருக்கெடுக்க வைத்தது. குழாயில் நல்ல குடிநீர் திரும்ப ஏழு வாரத்துக்கு மேல் ஆனது. மலைநகரத்துக்கே அந்தக் கதி என்றால், சதுப்பின் ஓரத்தைப் பாதுகாப்பு என்று எந்த வாயால் சொல்வது? பணம் உள்ளவர் ஒத்துவராத இடத்தை விற்றுவிட்டு நகர்ந்துவிடலாம். ஒதுக்கீட்டு வீட்டில் இருப்பவர் எங்கே போவார்?

அரசிடம் கேட்கிறேன். ஒரு குடும்பத்துக்கு வீட்டு ஒதுக்கீட்டு டோக்கன் கொடுக்கும் முன், புதிய இடத்தில் 2015-லும் 2023-லும் தண்ணீர் எத்தனை அடி நின்றது என்ற வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு அவர்கள் கையில் கொடுங்கள். லெவல் எடுக்க ஆளும் கருவியும் துறையில் இருக்கின்றன. பழைய இடத்துக்கு மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் மேட்டு நிலம் தேடுங்கள். நகருக்குள் இடிந்துவிழும் நிலையில் உள்ள பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை மறுபடி கட்டும்போது, கரையோர மக்களுக்கும் சேர்த்து வீடுகளைக் கூட்டிக் கட்டலாம். பள்ளிக்கூட ஆண்டின் நடுவில் யாரையும் அப்புறப்படுத்தாதீர்கள்.

ஏற்கெனவே பெரும்பாக்கம் போனவர்களுக்கு, ஜெனரேட்டரையும் மோட்டார் அறையையும் வெள்ளமட்டத்துக்கு மேலே ஏற்றிக் கட்டிக் கொடுங்கள். ஒக்கியம் மடுவில் அடைப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கிவிட வேண்டிய வேலைகள்.