கணனிப் பக்கம்: மாவட்டத்தைத் தெரிந்தால் பிரிவு பின்னால் வரும்



புதிதாக வந்த எங்கள் குடும்பங்களிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்காத கந்தோர் இல்லை. ஊரிலிருந்து அதன் பிரதியை எடுப்பிக்க, பதிவு நடந்த மாவட்டமும் பிரதேச செயலகப் பிரிவும் சரியாகத் தெரிய வேண்டும். பெரியவர்கள் இன்னமும் ஏ.ஜி.ஏ. கந்தோர் என்று சொல்வது இதைத்தான். பிரிவு மாறிப் போனால் ஊரில் தேடுபவர் வெறுங்கையோடு திரும்பவும் கூடும். இங்கே தந்த தவணையோ காத்திருக்காது.

இந்த விபரங்களைச் சேர்க்கும் ஊர்ச் சங்கங்கள் பல இப்போது எயார்ரேபிள் போன்ற அட்டவணைகளைப் பாவிக்கின்றன. புரோகிராம் எழுதத் தெரியாத எங்களைப் போன்றவர்களும் இதைச் செய்யலாம். ஆனால் எல்லாப் பிரிவுகளையும் ஒரே பட்டியலில் கொட்டி வைத்தால் பிழை வருவது நிச்சயம். ஒருவர் “மாந்தை” என்கிறார். மாந்தை மேற்கு மன்னார் மாவட்டம், மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டம். பட்டியலில் இரண்டும் அருகருகே நிற்கும். விரல் தவறினால் மாவட்டமே மாறிவிடும்.

தொழிற்சாலையில் இயந்திரத்தின் இலக்கத்தை அமத்தினால் அதற்குரிய அச்சுகள் மட்டும் திரையில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் இதுவும். மன்னார் என்று தெரிந்தால் அதன் 5 பிரிவுகள் மட்டும், கிளிநொச்சி என்றால் 4 மட்டும் வர வேண்டும்.

செய்யும் முறை இது:

1. “மாவட்டங்கள்” என்று ஓர் அட்டவணை போடுங்கள். வடக்குக்கு 5, கிழக்குக்கு 3, மொத்தம் 8 நிரைகள். வேறு மாவட்டத்தவர் இருந்தால் அதையும் சேருங்கள்.

2. “பிரிவுகள்” என்று இரண்டாவது அட்டவணை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிரை. பக்கத்து நிரலை மாவட்ட அட்டவணையோடு இணைத்து, எந்தப் பிரிவு எந்த மாவட்டம் என்று குறியுங்கள். முழு வேலையின் உயிரும் இந்த இணைப்பில்தான் இருக்கிறது.

3. “விண்ணப்பங்கள்” என்று மூன்றாவது. இதில் மாவட்டத்துக்கு ஒரு நிரல், பிரிவுக்கு ஒரு நிரல். இரண்டும் முந்திய அட்டவணைகளோடு இணைந்த நிரல்களாக இருக்க வேண்டும். சிங்கிள் செலக்ட் வகை இதற்கு உதவாது. ஒரு நிரலில் தெரிந்ததை மற்ற நிரல் அறியாது.

4. பிரிவு நிரலின் அமைப்பைத் திறந்து, தெரிவை நிபந்தனையால் வடிகட்டும் வசதியைப் போடுங்கள். நிபந்தனை இதுதான்: பிரிவின் மாவட்டம், இந்த நிரையில் தெரிந்த மாவட்டமாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் தெரிவதையும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்த வசதி உங்கள் கணக்கில் உண்டா என்று முதலில் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பிரிவைத் தெரிந்த பிறகு யாராவது மாவட்டத்தை மாற்றினால் பழைய பிரிவு தானாக அழியாது, அப்படியே கிடக்கும். ஆகவே பிரிவின் மாவட்டத்தைக் காட்ட ஒரு லுக்அப் நிரல் சேருங்கள். விண்ணப்பத்தை அனுப்ப முன் இரண்டு மாவட்டமும் ஒன்றா என்று ஒரு தரம் பாருங்கள்.

இன்னொன்று. ஊர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர் எல்லாம் இதில் இருக்கின்றன. எங்களில் சிலருக்கு ஊர்ப் பெயர் வெளியே போவதே ஆபத்து. எனவே பொறுப்பான இரண்டு பேருக்கு மட்டும் திறக்கும் உரிமை கொடுங்கள். இணைப்பை எல்லோருக்கும் அனுப்ப வேண்டாம். அலுவல் முடிந்த குடும்பத்தின் நிரையை அழித்துவிடுங்கள்.

பட்டியல் தயாரானதும் ஊர் விபரம் அறிந்த ஒரு பெரியவரைப் பக்கத்தில் இருத்தி, பிரிவுகளை வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பிரிவு எந்த மாவட்டம் என்று கணனிக்குத் தெரியாது. அதை நாங்கள்தான் சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.