அச்சமும் மருட்கையும் அயற்சரக்கா?

திகிற்படமும் அறிவியற் படமும் மேனாட்டார்க்கே உரியவை, தமிழர்க்குப் பாட்டும் கண்ணீருமே போதும் என்பார் நம்முள் பலர். இக்கூற்றை நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் மருட்கையும் உள்ளன. அவை அயற்சரக்கு ஆவது எங்ஙனம்? வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாடல் ஒன்றுமின்றியே ஒரு கொலையின் மர்மத்தைப் பலர் வாய்மொழியால் துலக்கிற்று. ‘கலை அரசி’யில் (1963) வேற்றுலகத்தார் இசை வல்ல மங்கையைக் கவர்ந்து சென்றனர். ‘விக்ரம்’ (1986) படத்துக்குக் கதை தந்த சுஜாதா, நம் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவரே.

புதியன யாவும் இழிந்தன அல்ல. ‘எந்திரன்’ (2010) மருட்கையை வளர்த்தது. ஆனால் ‘காஞ்சனா’ (2011) போன்றவற்றில் பேய் நகைப்பொருளாயிற்று. பேரொலியால் திடுக்கிட வைப்பது அச்சமன்று. கதவுக்கப்பால் நிற்பவர் யாரென எண்ணி நடுங்க வைப்பதே அச்சம்.

இங்கு வளரும் நம் பிள்ளைகள் ஆங்கிலத் திகிற்படங்களை அறிவர். ‘அந்த நாளை’ அறியார். பொங்கல் விழாவில் பட்டிமன்றத்தோடு அப்படத்தையும் திரையிடுக. தமிழில் ஏதுமில்லை என்று அவர்கள் முடிவுகட்டுமுன், உள்ளதைக் காட்டுவது பெற்றோர் கடன்.