அம்புக்குறிக்குச் சொந்தக்காரர் யார்?

உள்ளங்கையில் அடங்கும் வீடியோ விளையாட்டுக் கருவியில் கார் ஓட்டியிருக்கிறீர்களா? 'தி சிம்ப்சன்ஸ்: ரோடு ரேஜ்' என்றொரு விளையாட்டு உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1989 முதல் ஓடிவரும் சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடரின் பாத்திரங்கள்தான் அதில் கார் ஓட்டுவார்கள். அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ் ஊரின் பேருந்துகளை வாங்கி, அவற்றை அணுசக்தியில் ஓடவிடுகிறார். ஆகவே ஊரார் தங்கள் கார்களிலேயே பயணிகளை ஏற்றி இறக்கிப் பணம் சேர்க்கிறார்கள். பெரிய கருவிகளுக்கு 2001-லும், 'கேம் பாய் அட்வான்ஸ்' என்ற கைக்கருவிக்கு 2003-லும் இது வந்தது.

அந்தக் கைக்கருவியின் திரையில் அகலவாட்டில் 240, உயரவாட்டில் 160 புள்ளிகள்தான். அந்தச் சிறு சன்னலில் எவ்வளவு தெரு தெரியும்? பயணி இறங்க வேண்டிய இடமோ பல தெருக்கள் தாண்டி இருக்கும். திசை காட்ட ஏதேனும் ஒரு குறி இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

திசையைக் கண்டுபிடிப்பது எப்படி? போகவேண்டிய இடம் காருக்குக் கிழக்கே 300 மீட்டர், வடக்கே 400 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300-ஐ 400-ஆல் வகுத்தால் 0.75. எந்தக் கோணத்தின் டான்ஜென்ட் 0.75? ஏறத்தாழ 37 பாகை. அதாவது வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக 37 பாகை. கார் நேர் கிழக்கே பார்த்து நின்றால், அம்பு 53 பாகை இடப்புறம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான், பத்தாம் வகுப்புக் கணக்கு!

இதற்காகத்தான் வழக்கு வந்தது. 1999-ல் 'கிரேசி டாக்சி' என்ற விளையாட்டை வெளியிட்ட ஜப்பானின் சேகா நிறுவனம் 2001-ல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றிருந்தது. ஓட்டுபவருக்குத் திசை காட்டும் முறை, கார் நெருங்கினால் பாதசாரிகள் துள்ளி விலகும் முறை ஆகியவை அதில் அடக்கம். சிம்ப்சன்ஸ் விளையாட்டு இவற்றை எடுத்துக்கொண்டது என்று 2003 டிசம்பரில் ஃபாக்ஸ், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், ராடிக்கல் ஆகியோர்மீது சேகா வழக்குத் தொடுத்தது.

சேகாவின் மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. இரண்டு விளையாட்டுகளையும் அடுத்தடுத்து ஆடினால், பக்கத்து மாணவனின் விடைத்தாளைப் பார்த்து எழுதியது போலத்தான் தோன்றும். ஆனால் படம், இசை, எழுதிய நிரல் ஆகியவற்றைத் திருடாமல் காக்கப் பதிப்புரிமை ஏற்கெனவே இருக்கிறது. பேடன்ட் எனப்படும் காப்புரிமை வேறு வகை. நீங்கள் கிரேசி டாக்சியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, கணிதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நீங்களாகவே யோசித்துச் செய்தீர்கள் என்றாலும், காப்புரிமையில் விவரித்த அதே முறையாக இருந்தால் அது மீறல்தான். 'எனக்குத் தெரியாது' என்பது அங்கே செல்லாது. இதைத்தான் நான் ஏற்கவில்லை.

ஒரு புதிய மருந்தை ஆண்டுக்கணக்கில் சோதித்துக் கண்டுபிடித்தவருக்கு 20 ஆண்டுக் காப்பு கொடுப்பதில் நியாயம் உண்டு. ஓர் அம்புக்கும் அதே 20 ஆண்டா? அதற்குள் கேம் பாய் அட்வான்ஸ் கடைகளிலிருந்தே போய்விட்டதே! நாம்கோ என்ற நிறுவனத்தின் கதையும் இப்படித்தான். விளையாட்டு வட்டிலிருந்து ஏறும்வரை காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு குட்டி விளையாட்டு காட்டும் முறைக்கு அது வாங்கிய காப்புரிமை 2015-ல்தான் முடிந்தது. அதுவரை மற்றவர்களின் விளையாட்டுகளில் பிள்ளைகள் பெரும்பாலும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சேகாவின் வழக்கில் தீர்ப்பு வரவில்லை. இரு தரப்பும் வெளியே ரகசியமாகச் சமரசம் செய்துகொண்டன. காப்புரிமையின் காலமும் இப்போது முடிந்துவிட்டது.

ஒரு வரைபடத் தாள் எடுத்து, காருக்கு ஒரு புள்ளி, வீட்டுக்கு ஒரு புள்ளி வையுங்கள். அம்பு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கணக்கிடுங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எங்களுக்கு எழுதுங்கள்.