எத்தனை வீடு? எத்தனை அடி?

எளாவூர் செக்போஸ்ட் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்து ஆறு மாதமாகக் கட்டிலோடு கிடக்கிறார் ஒரு தாத்தா. மகனும் மருமகளும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வாசலில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வண்டி வந்து நிற்கிறது. பிசியோதெரபிஸ்ட் இறங்கி வந்து கையையும் காலையும் நீட்டி மடக்கிப் பார்க்கிறார். "இதையே தினமும் செய்யணும் தாத்தா, விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புகிறார்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. பிரஷர், சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருவது சாதாரண விஷயமில்லை. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், திட்டம் பற்றி வரும் அறிவிப்புகளில் கண்ணில் படுவது பயனாளிகளின் எண்ணிக்கைதான். அதில் எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள்?

இதே கேள்வியில் அமெரிக்காவும் சிக்கியது. அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். 2007 ஜூலையில் அது ஓர் ஊக்கத்தொகையைக் கொண்டுவந்தது. டாக்டர்களோடு பிசியோதெரபிஸ்ட்டுகளும், சட்டை பட்டன் போடவும் கரண்டி பிடிக்கவும் மறுபடி பழக்கிவிடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளும் அதில் சேரலாம். நோயாளியின் வலியை அளந்தீர்களா, கீழே விழுந்தாரா என்று கேட்டீர்களா, இதையெல்லாம் ஒழுங்காகப் பதிவு செய்தால் 1.5 சதவீதம் கூடுதல் பணம். பிறகு ஊக்கம் போய் அபராதம் வந்தது. 2015-ல், பதிவு செய்யத் தவறியவர்களுக்கு 1.5 சதவீதம் வெட்டு.

வேடிக்கை என்னவென்றால், காசு கிடைத்தது வலியை அளந்து எழுதியதற்கு. வலி குறைந்ததற்கு அல்ல. ஃபார்ம் நிரப்பவே நேரம் போகிறது என்று அங்கே முணுமுணுப்பும் கிளம்பியது. நியாயம்தான். அதற்காக எழுதி வைப்பதே வீண் என்று சொல்லிவிட முடியாது. போன மாதம் தாத்தா எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்ற குறிப்பு இல்லாவிட்டால், இந்த மாதம் தேறியிருக்கிறாரா என்று எதை வைத்துச் சொல்வது?

கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் அறுபது ஊராட்சிகள் போல இருக்கின்றன. வீடு வீடாகப் போகிறவரிடம் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால், கை கால் பிடித்துவிட நேரம் இருக்காது. ஒருவருக்கு ஒரே ஒரு அளவு போதும். அதை வீட்டிலேயே குறித்து வைக்கலாம்.

ஓரளவு நடக்கத் தொடங்கியவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரபிஸ்ட்டுகள் வைக்கும் சோதனை ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வழக்கமான கைத்தடி இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், கீழே விழும் ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை தெரபிஸ்ட் முன்னால் செய்து பார்த்து, அவர் சரி என்ற பிறகே வீட்டில் செய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். செல்போனிலேயே ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. மாதம் ஒருமுறை நேரத்தைக் காலண்டரில் எழுதி வையுங்கள். கட்டிலைவிட்டு எழ முடியாதவருக்கு, சாய்மானம் இல்லாமல் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார் என்பதே கணக்கு.

அடுத்த முறை வண்டி வரும்போது அந்தக் காலண்டரை எடுத்துக் காட்டுங்கள். நேரம் குறையவே இல்லையென்றால், "பயிற்சியை மாத்தணுமா சார்?" என்று கேளுங்கள்.